பின் சக்கர ஹப் கரகரவென்கிறது: குண்டு மட்டும் மாற்றினால் போதுமா, கோனும் மாற்ற வேண்டுமா?

லயத்து_சைக்கிள்:

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடும் இரண்டு சைக்கிள்கள். இரண்டிலும் பின் சக்கரத்தின் நடுவில், ஹப்பில்தான் கோளாறு.

முதல் சைக்கிள் 26 அங்குல மவுண்டன் வகை. 7 கியர், திருகு மரையில் ஏறும் ஃப்ரீவீல் (பின் பல் சக்கரக் கொத்து), அச்சின் இரு பக்கமும் நட்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் சத்தம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சுமார் 2 மி.மீ. ஆட்டம். பின் கேரியரில் அடிக்கடி 10 கிலோ அரிசிப் பை ஏறும்.

இரண்டாவது 27.5 அங்குலம். டிஸ்க் பிரேக், நெம்புகோலால் சக்கரத்தைப் பூட்டும் குயிக் ரிலீஸ், செருகும் வகைப் பல் சக்கரக் கொத்தான கேசட், உள்ளே சீல் பேரிங். சத்தம் இல்லை, ஆனால் சுற்றிவிட்டால் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

கடையில் முழுச் சக்கரத்தையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே பிரித்துச் செய்ய முடியுமா? குண்டு என்ன அளவு, ஒரு பக்கத்துக்கு எத்தனை? எந்தக் கிரீஸ்? எந்த ஸ்பேனர் கட்டாயம் வேண்டும்?

ஆறாங்கட்டை:

எதையும் வாங்காதீர்கள். முதலில் பிரித்து, கழுவி, உள்ளே பாருங்கள். சக்கரம் போய்விட்டதா இல்லையா என்பதைச் சொல்லப்போவது ஹப்புக்குள் குண்டு ஓடும் கிண்ணமான கப் மட்டும்தான். குண்டும், அச்சில் திருகிக் குண்டைக் கப்போடு அணைக்கும் கோனும் மாற்றக்கூடிய சாமான். கப் ஹப்போடு சேர்த்து அழுத்தப்பட்டது, பெரும்பாலான ஹப்களில் தனியாகக் கிடைக்காது. கப்பில் குழி விழுந்திருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. கப் வழவழவென்று இருந்தால் சில ரிங்கிட் சாமானில் வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலும் கோன்தான் முதலில் கெடும். அதற்குக் காரணம் உண்டு. சக்கரம் சுற்றும்போது கப்பும் சேர்ந்து சுற்றுகிறது, அதனால் பாரம் கப்பின் வட்டம் முழுவதும் மாறி மாறி விழுகிறது. கோன் அச்சோடு அசையாமல் நிற்கிறது. உங்கள் எடையும் அரிசிப் பையும் எப்போதும் கோனின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் உட்காருகின்றன. கழற்றிப் பார்த்தால் கோனின் ஒரு பக்கத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருப்பதும் அதனால்தான்.

ஸ்பேனரில் கஞ்சத்தனம் வேண்டாம். கோனைப் பிடிக்கும் இடம் ஒல்லியானது, சாதாரண ஸ்பேனர் நுழையாது. சுமார் 2 மி.மீ. தடிப்புள்ள கோன் ஸ்பேனர் வேண்டும். பின் ஹப்புக்கு அநேகமாக 15 மி.மீ., முன் ஹப்புக்கு 13 மி.மீ. கோனை அசையாமல் பூட்டும் லாக் நட்டுக்குச் சாதாரண 17 மி.மீ. ஸ்பேனர் போதும். பழைய ஸ்பேனரைக் கிரைண்டரில் தேய்த்து ஒல்லியாக்குகிறவர்கள் உண்டு. மலிவான இரும்பாக இருந்தால் வாய் விரிந்து கோனின் முனைகளை வழித்துவிடும்.

பிரிக்கும்போது இடது பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். பல் சக்கரம் இருக்கும் வலது பக்கத்துக் கோனும் லாக் நட்டும் அச்சில் அப்படியே பூட்டியே இருக்கட்டும். அப்போதுதான் திரும்பப் பூட்டும்போது அச்சு நடுவில் வரும், செயின் வரிசை மாறாது. அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் லாக் நட்டுக்கு வெளியே அச்சு எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே ஒரு பழைய துணி விரித்துக்கொண்டு அச்சை உருவுங்கள். குண்டு உருண்டோடும். ஒரு பக்கத்துக் குண்டை இன்னொரு பக்கத்தோடு கலக்காமல் எண்ணுங்கள். வழக்கமான பின் ஹப்புக்கு 1/4 அங்குலக் குண்டு, அதாவது 6.35 மி.மீ., பக்கத்துக்கு 9. முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், 4.76 மி.மீ., பக்கத்துக்கு 10. உள்ளே கூண்டு போட்ட குண்டு இருந்தால் எண்ணிக்கை குறைவாக இருக்கும். கூண்டை எடுத்துவிட்டுத் தனிக்குண்டு நிரப்புவது நல்லது, பாரம் அதிகக் குண்டில் பிரியும். எண்ணிக்கை தெரியாவிட்டால் வட்டம் முழுக்க நிரப்பிவிட்டு ஒன்றைக் குறையுங்கள். நெருக்கி அடைத்தால் குண்டும் குண்டும் உரசும்.

கழுவ மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். காய்ந்த பிறகு ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையைக் கோனின் ஓடுபாதையிலும் கப்பின் ஓடுபாதையிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியிலும் முனை தடுக்கும். குண்டு ஓடிய இடம் பளபளவென்று கோடாகத் தெரிந்தால் அது தேய்மானம்தான், பயப்பட வேண்டாம். தடுக்கினால்தான் மாற்ற வேண்டும்.

பழைய குண்டு பளபளப்பாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். பழையதில் நாலு, புதியதில் ஐந்து என்று கலப்பது அதைவிடக் கெடுதல். நூறில் ஒரு பங்கு மி.மீ. பெரிதாக இருக்கும் குண்டுதான் முழுப் பாரத்தையும் தாங்கும், புதுக் கோனையும் அதுவே குழியாக்கும்.

பழைய கிரீஸையும் துடைப்பதற்கு முன் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. துரு நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி நாளாகிவிட்டது. கறுத்து, தேய்த்தால் விரலில் மினுமினுப்பு ஒட்டினால் அது தேய்ந்த இரும்புத்தூள், அந்தப் பக்கத்துக் கோனைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

செம்மண்_பாதை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 7 கியர் ஃப்ரீவீல் ஹப், அதில் கேரியர் பாரம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அச்சைத்தான்.

இந்த வகை ஹப்பில் ஃப்ரீவீல் முழுவதும் ஹப்புக்கு வெளியே தொங்குகிறது. வலது பக்கக் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்புறமாக, நடுவை நோக்கித் தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து ஃபிரேம் பிடிக்கும் இடம் வரை அச்சுக்குத் தாங்கல் இல்லை. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அச்சு அந்த இடத்தில் வளையப் பார்க்கும். கேசட் ஹப்பில் வலது பேரிங் வெளிப்புறம் தள்ளி இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அச்சை உருவியதும் ஒரு கண்ணாடித் துண்டின் மேலோ மட்டமான மொசைக் தரையிலோ உருட்டுங்கள். கோன் இருக்கும் பக்கத்தை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டு மரை மட்டும் படும்படி உருட்ட வேண்டும். அச்சுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் வளைந்திருக்கிறது. சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள், மீண்டும் அதே இடத்தில்தான் வளையும், பிறகு உடையும். வளைந்த அச்சை வைத்துக்கொண்டு எத்தனை தடவை கோனைச் சரிசெய்தாலும் ஒரு இடத்தில் இறுகும், அரைச் சுற்றில் தளரும்.

ஃப்ரீவீலைக் கழற்றாமலும் அச்சை உருவலாம், ஆனால் வலது கப்பை ஒழுங்காகக் கழுவ முடியாது. அதைக் கழற்ற 12 பல் உள்ள ரிமூவர் வேண்டும். சில மாடல்களில் இரண்டு அல்லது நான்கு காடி இருக்கும், அதற்கான ரிமூவர் வேறு. கடைக்கு ஃப்ரீவீலின் முகத்தைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள். ரிமூவரைப் பொருத்தி அச்சு நட்டால் லேசாகப் பிடிக்க வைத்துவிட்டு, ரிமூவரை மேசை வைஸில் கடித்துக்கொண்டு முழுச் சக்கரத்தையும் இடது பக்கமாக, லோரி ஸ்டீயரிங் திருப்புவதுபோல் திருப்புங்கள். மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கும், அதனால் ஒரு அடி நீள ஸ்பேனருக்கும் அசையாமல் அடம்பிடிக்கும். டக்கென்று விட்டதும் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேலே திருக வேண்டும். மறந்தால் நட்டு தடுத்து மரை கெடும்.

திரும்பப் போடும்போது அந்த மரைக்கும் கிரீஸ் தடவி, கையாலேயே முதல் நாலு சுற்று ஏற்றுங்கள். ஹப் அலுமினியம். மரை குறுக்கே ஏறினால் ஹப் போயிற்று.

பட்டறை_மூலை:

இரண்டாவது சைக்கிளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

சீல் பேரிங்கில் சரிசெய்ய ஒன்றும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. குயிக் ரிலீஸைத் தளர்த்தினால் சக்கரம் இலகுவாகச் சுற்றி, இறுக்கினால் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு பேரிங்கில் இல்லாமலும் இருக்கலாம். உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு அல்லது அச்சிலேயே தோள் இருக்கும். ஒரு பேரிங் முழுக்க உட்காராமல் இருந்தாலோ, யாரோ பிரித்தபோது குழாய்த் துண்டை விட்டுவிட்டாலோ, இறுக்கும்போது உள்வளையம் பக்கவாட்டில் தள்ளப்பட்டுக் குண்டுகள் நசுங்கும். டிஸ்க் பிரேக் பேட் உரசுகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். பாதி நேரம் அதுதான்.

பேரிங்தான் என்றால் சீல் மேல் எண் அச்சடித்திருக்கும். கடைசி இரண்டு எண் உள்துளையைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. முன்னால் உள்ள எண் தடிப்பையும் வெளிவட்டத்தையும் தீர்மானிக்கும். 6000 என்பது 10×26×8, 6001 என்பது 12×28×8, 6902 என்பது 15×28×7, 6802 என்பது 15×24×5. எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று அளவும் எடுங்கள், அதுவே போதும். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் வெறும் தகடு, தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. நம் பாதைக்கு 2ஆர்எஸ் தவிர வேறெதுவும் வாங்காதீர்கள்.

தடித்த வகைகளை மோட்டார் சாமான் கடையில் கேட்டுப் பார்க்கலாம். 68, 69 என்று தொடங்கும் ஒல்லி வகைக்கு ஈப்போவில் பேரிங் கடைக்குப் போவதோ இணையத்தில் வாங்குவதோதான் வழி. கேசட் ஏறும் ஃப்ரீஹப் உடலுக்குள்ளும் தனியாகப் பேரிங் உண்டு என்பதை மறக்காமல் அதன் எண்ணையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை பிரிக்க வேண்டிவரும்.

கழற்றுவது: அச்சின் முனை மூடிகளை எடுத்து, அச்சை ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஒரு பேரிங்கோடு வெளியே வரும். மற்றதை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டையான கம்பியால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டி நேராக இறக்குங்கள். ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்து, ஹப்பின் துளையைச் சுரண்டிவிடும். இப்படித் தட்டிக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போட முடியாது. உள்வளையத்தில் தட்டியதில் குண்டு ஓடுபாதையில் பள்ளம் பதிந்திருக்கும்.

போடுவது: சுத்தியல் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு முழ நீள மரைக்கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள் வாங்குங்கள். கம்பி பேரிங்கின் உள்துளையில் நுழைய வேண்டும். 10 மி.மீ. துளைக்கு 8 மி.மீ. கம்பி. பழைய பேரிங்கின் வெளிவட்டத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கினால் அதுவே புதியதை அழுத்தும் கருவியாகிவிடும். நட்டை இறுக்கும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். இதில் பிசகினால் புதுப் பேரிங் ஓடுவதற்கு முன்பே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஹப்பை முடி உலர்த்தியால் கை பொறுக்காத சூடு வரும்வரை சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த வித்தியாசம் போதும் பேரிங் சுலபமாக இறங்க. கேஸ் அடுப்புத் தீயைக் காட்டாதீர்கள். முதல் பேரிங் அடிவரை உட்கார வேண்டும். பிறகு குழாய்த் துண்டு. இரண்டாவது பேரிங்கின் உள்வளையம் அந்தக் குழாயைத் தொட்டதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு கால் சுற்று என்று இறுக்கினால் மேலே சொன்ன இறுக்கம் வரும்.

பேரிங் கையாலேயே சறுக்கி உள்ளே போனால் துளை தேய்ந்திருக்கிறது. பஞ்ச் வைத்துத் துளையைக் குத்திச் சிறிதாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பேரிங் சாய்ந்து உட்காரும். லாக்டைட் 641 போன்ற பேரிங் பிடிக்கும் திரவம் ஒரு சொட்டு போதும். அது பின்னால் கழற்ற விடும் வகை. தடவும் முன் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது.

லயத்து_சைக்கிள்:

மிக்க நன்றி. இரண்டாவதில் பிரேக் பேட் உரசியதுதான் காரணம், பேரிங் நன்றாக இருக்கிறது. முதல் சைக்கிளைப் பிரித்தாயிற்று. வலது பக்கம் 9 குண்டு, இடது பக்கம் 8. இடது கோனில் ஒரு பக்கமாகக் குழி. கப் இரண்டும் வழவழ, பேனா தடுக்கவில்லை. அச்சு உருட்டினால் லேசாகத் துள்ளுகிறது. கடையில் அச்சு கேட்டால் இரண்டு வகை இருக்கிறதாம், எது என்று தெரியவில்லை. கிரீஸும் இன்னும் முடிவாகவில்லை.

செம்மண்_பாதை:

அச்சு மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம். இடது பக்கம் எட்டுக் குண்டு என்றால் முன்பு பிரித்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கிறார். கோன் குழியானதில் அதற்கும் பங்கு இருக்கும்.

இரண்டு வகை என்பது இதுதான்: ஒன்று 10 மி.மீ. தடிப்பு, 1 மி.மீ. மரை. இன்னொன்று 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. சுமார், அங்குலத்துக்கு 26 மரை. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் கோன் இன்னொன்றில் இரண்டு சுற்று ஏறியும் ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். வெர்னியர் வைத்து அளந்தால் அரை மி.மீ. வித்தியாசம் தெரிந்துவிடும். பாதுகாப்பான வழி, அச்சு, இரண்டு கோன், லாக் நட்டு எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குவது. பழைய கோனைக் கூடவே எடுத்துப் போங்கள். குண்டு உட்காரும் வளைவும், தூசி மூடிக்குள் நுழையும் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். அச்சு நீளமும் பழையதோடு பார்த்து வாங்குங்கள்.

கிரீஸுக்கு நான் சாதாரண லித்தியம் இரண்டாம் நம்பர் கிரீஸே போதும் என்பேன். கார் சாமான் கடையில் டப்பாவாகக் கிடைக்கும்.

பட்டறை_மூலை:

கிரீஸில் எனக்கு உடன்பாடு இல்லை. மேற்குக்கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை விடாது. தோட்டத்துப் பாதையில் பாரிட் (வடிகால்) ஓரம் தேங்கும் தண்ணீரில் ஹப் முங்கிப் போகும். படகுக்குப் போடும் மரைன் கிரீஸ், அல்லது கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கழுவிப் போகாது, துருவையும் தடுக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் ஒரு ஹப்புக்கு ஆகும் அளவு இரண்டு தேக்கரண்டி.

எதைப் போட்டாலும் பழையதன் மேல் பூசாதீர்கள். சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேராது, கலந்தால் இளகி ஓடிவிடும். ஸ்பிரே எண்ணெயை ஹப் இடுக்கில் அடிப்பது கூடவே கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டு அது ஆவியாகிவிடும்.

செம்மண்_பாதை:

மழை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். மரைன் கிரீஸ் கிடைத்தால் அதையே போடட்டும். கிடைக்காவிட்டால் லித்தியம் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்றினால் போதும் என்பதுதான் என் கணக்கு. இரண்டையும் செய்யாமல் விடுவதுதான் கெடுதல்.

ஆறாங்கட்டை:

பூட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பலர் தவறுவது இங்கேதான்.

இரண்டு கப்பையும் கிரீஸால் தாராளமாக நிரப்புங்கள். அதிகமானால் சூடாகும் என்ற பயம் சைக்கிளுக்கு வேண்டாம். 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 160 சுற்றுதான். வெளியே பிதுங்கும் கிரீஸ் மண்ணையும் தண்ணீரையும் தடுக்கும் சுவராக நிற்கும். வலது கப்பில் ஒன்பது குண்டைப் பதித்து, அச்சை வலப்பக்கமிருந்து நுழைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைக் கவிழ்த்து, இடது பக்கம் ஒன்பது குண்டைப் போடுங்கள். இடது கோனைக் கையால் திருகி, குண்டைத் தொட்டதும் ஒரு எட்டில் ஒரு பங்கு சுற்று பின்வாங்குங்கள். வாஷர், லாக் நட்டு. கோனைக் கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது மரையில் உள்ள இடைவெளி மூடி, கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். அதற்காகத்தான் முதலிலேயே தளர்வாக விடுவது.

உங்களுடையது நட்டு அச்சு. கையில் அச்சைச் சுழற்றினால் பட்டுப்போல் சுற்ற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. குயிக் ரிலீஸ் கோன் ஹப்பாக இருந்தால் விதி வேறு. கையில் இருக்கும்போது துளி ஆட்டம் விட வேண்டும், ஏனென்றால் குயிக் ரிலீஸை இறுக்கும்போது உட்துளை அச்சு சற்றே நெருங்கி அந்த ஆட்டத்தை எடுத்துவிடும். அதை அறியாமல் கையிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால், ஃபிரேமில் பூட்டியதும் கோன் இறுகி, புதுக் கோன் சில வாரங்களில் குழியாகும். உங்கள் முன் சக்கரம் அப்படிப்பட்டதாக இருந்தால் இது நினைவிருக்கட்டும்.

முதல் தடவையிலேயே சரியாக வராது. நாலு தடவை தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும், அது வழக்கம்தான். ஃபிரேமில் பூட்டியபின் ரிம்மை மேலே பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். அங்கேதான் சிறு ஆட்டமும் பெரிதாகத் தெரியும். சக்கரத்தைத் தானாக நிற்கவிட்டால் வால்வு இருக்கும் கனமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல்போல் இப்படியும் அப்படியும் ஆடி நிற்க வேண்டும். சட்டென்று ஒரே இடத்தில் நின்றால் இறுக்கம்.

இடது லாக் நட்டை மட்டும் முதல் 50 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை பாருங்கள். புதுக் கோனும் குண்டும் உட்கார்ந்ததும் துளி ஆட்டம் வரும். ஹப் தண்ணீரில் முங்கினால் அதே வாரத்தில் பிரித்துவிடுங்கள். மோட்டார் கழுவும் இடத்தில் வாட்டர் ஜெட்டை ஹப்பின் பக்கவாட்டில் நேராக அடிக்க விடாதீர்கள். மேலிருந்து, தள்ளி நின்று அடிக்கலாம். டிஸ்க் சைக்கிளில் ஹப் வேலை செய்யும் நாளில் பிரேக் தட்டான ரோட்டரைத் தனியாகக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள், கிரீஸ் விரல் பட்டால் பேட் மாற்ற வேண்டிவரும்.